உட்கார்ந்து ஒற்றைக் கையால் சுடும்போது: துளை விலகினால் எங்கே பார்ப்பது?

கிருஷ்ணகிரியில் ஸ்கூட்டருக்குப் பக்கச் சக்கரம் மாட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. இடது கால் சின்ன வயதிலேயே போலியோவில் சூம்பிவிட்டது. ஒரு காலத்தில் மாங்கூழ் டிரம் அடுக்கியிருந்த பழைய கிடங்கில், வாரத்தில் மூன்று சாயங்காலம் நாங்கள் ஐந்தாறு பேர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறோம். நான் ஸ்டூலில், மற்றவர்கள் சக்கர நாற்காலியில். ஓடியும் நகர்ந்தும் சுடும் பிராக்டிகல் பிஸ்டல் போட்டிகளில், நாற்காலியில் உட்கார்ந்திருந்து பீப் அடித்ததும் எடுத்துச் சுடும் சுற்று ஒன்று வரும். அவர்களுக்கு நாற்காலியோடு சில விநாடிதான் சகவாசம். நமக்கு அறுபது குண்டும், ஒண்ணேகால் மணி நேரமும் அதிலேயேதான்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று யாராவது வந்தால் நான் எடுத்ததும் ஹேண்டில்பாரைத் தொடுவதில்லை. டயரில் காற்று பார்ப்பேன், ஆக்ஸில் நட் பார்ப்பேன், கடைசியில்தான் ஃபோர்க். இங்கே என்னவென்றால், துளை விலகியதும் எல்லோரும் கையைத் திட்டுகிறார்கள், குறிபார்க்கும் சைட்டைத் திருகுகிறார்கள். நான் பார்த்த வரையில் பாதிக்கு மேல் குற்றவாளி நாற்காலி.

எழுதியிருப்பதெல்லாம் வலது கைக்காரர் கணக்கு. இடது கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். (பாரா பிஸ்டல் வீரர் மணீஷ் நர்வால் டோக்கியோ பாராலிம்பிக்கில் தங்கமும் 2024 பாரிஸில் வெள்ளியும் வாங்கியது இடது கையால்தான்.)

எந்தச் சோதனைக்கும் முன்னால் ஒன்று. பெல்லட் (ஈயக் குண்டு) உள்ளே இல்லை என்று பார்த்து, குழல் காலி என்று காட்டும் சேஃப்டி ஃப்ளாக் நுழைத்து, பிஸ்டலை மேசைமேல் குழல் டார்கெட் பக்கம் பார்த்தபடி வையுங்கள். மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தை உருட்டும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. உருட்டும்போது குழல் பக்கத்து லேன் வரை திரும்பிவிடும். நாற்காலி நகர வேண்டுமா, பிஸ்டல் மேசையில் இருக்கட்டும்.

குரூப் (துளைக் கூட்டம்) இறுக்கமாக இருக்கிறது, ஆனால் போகப் போக ஒரு பக்கம் நகர்கிறது

முதல் பத்துத் துளை நடுவில், பத்துப் பாயின்ட் வட்டத்தில். இருபதுக்கு மேல் மெதுவாக இடது பக்கம் எட்டு, எட்டு, எட்டு. அடிக்கடி கேட்கும் புகார் இதுதான்.

ஒரு சாக்பீஸ் எடுங்கள். முதல் குண்டுக்கு முன்னால் நான்கு சக்கரமும் தரையைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். பத்து குண்டுக்குப் பிறகு குனிந்து பாருங்கள்.

கோட்டை விட்டு நகர்ந்திருந்தால் பிரேக்கிலிருந்து ஆரம்பியுங்கள். சக்கர நாற்காலி பிரேக் என்பது டயரின்மேல் அழுத்துகிற ஒரு இரும்புக் கட்டை, அவ்வளவுதான். டயரில் காற்று குறைந்தால் லிவரை எவ்வளவு தள்ளினாலும் பிடிக்காது. பெண்ணாகரத்திலிருந்து வரும் ஒரு பெண் நான்கு மாதம் சைட் திருகினாள். பின் டயரை விரலால் அழுத்திப் பார்த்தேன், அழுகிய தக்காளி மாதிரி உள்ளே போனது. சைக்கிள் பம்பில் காற்றடித்தோம். செலவு ஒன்றுமில்லை.

காற்று சரி, பிரேக் சரி, ஆனாலும் நகர்கிறதா? தரையைப் பாருங்கள். நம் ஊரில் கிரானைட் துண்டு சல்லிசாகக் கிடைக்கிறது என்று கிடங்கு, கொட்டகை எல்லாவற்றிலும் பாலிஷ் கல்லைப் பதித்துவிடுகிறோம். எங்கள் இடமும் அப்படித்தான். அதன்மேல் மெல்லிய தூசி உட்கார்ந்தால் ஐஸ் கட்டிதான். ஈரத் துணியால் துடைத்துவிட்டுச் சுட்டுப் பாருங்கள். அப்படியும் நகர்ந்தால் பழைய லாரி ரப்பர் மேட் ஒன்று, நாற்காலி முழுவதும் அடங்கும் அளவில். போட்டியில் மேட் அனுமதியா என்று நடுவரிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது முன் சக்கரங்கள். சின்னச் சக்கரம் பின்னோக்கித் திரும்பி நின்றால் நாற்காலி தரையில் ஊன்றும் நீளம் குறைந்துவிடும், கையை நீட்டியதும் முன்பக்கம் லேசாக ஆடும். நிறுத்தும்போது ஒரு சாண் பின்னுக்கு உருட்டி நிறுத்துங்கள். சின்னச் சக்கரங்கள் தாமாகவே முன்னோக்கித் திரும்பிக்கொள்ளும். மடிக்கும் வகை நாற்காலி என்றால், நடுவில் பெருக்கல் குறி போல இருக்கும் சட்டத்தின் போல்ட்டையும் ஆட்டிப் பாருங்கள்.

சாக்பீஸ் கோடு அப்படியே இருக்கிறது, துளை மட்டும் நகர்கிறது என்றால் உடம்பு நாற்காலிக்குள் திரும்புகிறது. கண்ணை மூடிக்கொண்டு வெறும் பிஸ்டலைத் தூக்குங்கள். இரண்டு மூச்சு விட்டுவிட்டுக் கண்ணைத் திறங்கள். சைட் டார்கெட்டுக்கு இடது பக்கம் நின்றால் கையை வலது பக்கம் தள்ளாதீர்கள். முதல் பத்து குண்டுக்குக் கை கேட்கும், பிறகு தன் இடத்துக்கே போய்விடும், கூடவே துளையும். நாற்காலியை மொத்தமாக விரல்கடை அளவு வலது பக்கம் திருப்பி, மறுபடி கண்ணை மூடிப் பாருங்கள். மூன்று முறை தொடர்ந்து நடுவில் வந்து நிற்கும் வரை சுடாதீர்கள். இதற்குப் பத்து நிமிடம் ஆகும். போட்டியில் தயாராவதற்குக் கொடுக்கும் 15 நிமிடத்தில் எனக்குப் பாதிக்கு மேல் இதிலேயே போகிறது, நான் வருத்தப்படுவதில்லை.

அடுத்து குஷன். ஒன்றிரண்டு வருடம் உட்கார்ந்த ஃபோம் ஒரு பக்கம் குழிந்துவிடும். வெளியே எடுத்து மேசையில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் இரு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். வித்தியாசம் கைக்குத் தெரியும். ஃபோமைத் திருப்பிப் போட்டுச் சுட்டுப் பாருங்கள். துளை மறு பக்கம் நகர ஆரம்பித்தால் குஷன்தான் என்பது உறுதி, புதியது வாங்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சரியாகவில்லை, இடுப்பே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, முதுகெலும்பு வளைந்திருக்கிறது என்றால் அது நம் கைக்கு அப்பாற்பட்ட வேலை. அட்டையை மடித்து முட்டுக் கொடுக்காதீர்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, பிசியோதெரபி பிரிவில் காட்டலாம். உட்காரும் முறையையே அளந்து மாற்ற வேண்டும் என்றால் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையம் பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். பாரா போட்டிக்குப் போகிறவர்கள் முதுகுச் சாய்மானத்தை இஷ்டத்துக்கு உயர்த்த முடியாது. பிஸ்டலைத் தாங்க ஸ்டாண்ட் தேவைப்படாதவர்களுக்கான எஸ்.எச்.1 பிரிவுக்குள் ஏ, பி, சி என்று உங்களுக்குக் கிடைத்த துணைப் பிரிவுதான் சாய்மானம் உண்டா, எவ்வளவு உயரம் என்பதைத் தீர்மானிக்கும்.

சைட் திருகுவது கடைசி. இரண்டு நாள், இரண்டு முறையும் குரூப் ஒரே இடத்தில் இறுக்கமாக விழுந்தால் மட்டும். துளை எந்தப் பக்கம் போக வேண்டுமோ, ரியர் சைட்டை (கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பின் சைட்டை) அந்தப் பக்கம்.

வீட்டில் பத்து, போட்டியில் எட்டு, எல்லாம் கீழே

இதில் நானே விழுந்தேன். முதல் போட்டி. வீட்டில் சுவரில் அட்டை மாட்டி மாதக்கணக்கில் சுட்டுப் பழகிய தெம்பு. அங்கே போய் உட்கார்ந்தால் டார்கெட் மாடிப்படி உச்சியில் இருப்பது போலத் தெரிந்தது. முதல் சீரிஸில், அதாவது முதல் பத்து குண்டில், ஒன்பதுக்கு மேல் ஒன்றுகூட இல்லை. பதற்றம் என்று நினைத்துக்கொண்டே அறுபதையும் சுட்டு முடித்தேன். திரும்பி வந்து டேப் எடுத்து அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தால் என் கண் தரையிலிருந்து 118 செ.மீ. அட்டையையும் நான் அதே 118-இல் மாட்டியிருந்தேன். 10 மீட்டர் ரேஞ்சில் டார்கெட்டின் நடு 140 செ.மீ. உயரம், கூட்டிக் குறைக்க 5 செ.மீ. மட்டும் இடம் உண்டு. நிற்கிறவர் கொஞ்சம் கீழே பார்த்துச் சுடுவார், உட்கார்ந்தவர் மேலே பார்த்துச் சுட வேண்டும்.

வித்தியாசம் ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான். ஆனால் பழகாத தோள் அந்த ஒரு டிகிரியை அறுபது முறை தூக்காது. பாதியிலேயே பழைய உயரத்துக்கு இறங்கிவிடும்.

சரிபார்க்க: உட்கார்ந்து, யாரையாவது கண் உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். வீட்டில் முழு 10 மீட்டர் இருந்தால் அட்டையின் நடுவை 140-க்கு ஏற்றுங்கள். இடம் 5 மீட்டர்தான் என்றால் 140 தப்பு. கண் உயரத்தையும் 140-ஐயும் கூட்டிப் பாதியாக்குங்கள், எனக்கு 129. அட்டையின் கறுப்பு வட்டமும் பாதியாக வேண்டும், அதாவது 59.5 மி.மீ. என்பது ஏறக்குறைய 30. அட்டைக்குப் பின்னால் பெல்லட் பிடிக்கும் இரும்புப் பெட்டியும், அதற்கும் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத சுவரும் இல்லாத இடத்தில் குண்டு போடவே வேண்டாம், பெல்லட் இல்லாமல் ட்ரிக்கரை மட்டும் அழுத்தும் ட்ரை ஃபயர் போதும்.

உயரம் சரிசெய்த பிறகும் கீழேயே விழுந்தால், முதுகைப் பின்னால் சாய்த்துக் குழலை உயர்த்துகிறீர்களா என்று பக்கத்திலிருந்து செல்போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். முதல் குண்டில் நிமிர்ந்திருந்த முதுகு முப்பதாவதில் எங்கே இருக்கிறது என்று தெரியும். கையைத் தோளிலிருந்து தூக்க வேண்டும், இடுப்பிலிருந்து அல்ல. பழக ஒரு மாதம் ஆகும்.

துளைகள் கடிகாரத்தில் ஏழு மணிப் பக்கம்

இடது கீழ். இது ட்ரிக்கரைப் பிடுங்குவது, ஊருக்கே தெரிந்த வியாதி. வெள்ளைச் சுவரைப் பார்த்து ட்ரை ஃபயர் செய்யுங்கள். 'டிக்' என்றதும் ஃப்ரன்ட் சைட் (குழல் முனையில் இருப்பது) தலை குனிந்தால் இதுதான். விரலின் நுனிச் சதையால், ஒரே சீராக, நேர் பின்னுக்கு. நாளுக்கு ஐம்பது, இரண்டு வாரம்.

உட்கார்ந்து சுடுகிறவர்களுக்கு இதில் ஒரு தனிக் காரணம் உண்டு, நின்று சுடும் கோச்சுகள் கண்ணில் அது படாது. பாலக்கோட்டிலிருந்து வரும் தம்பி ஒருவன், வலது விரல் சுத்தம், சுவரில் சைட் அசையவே அசையாது. அட்டையில் சுட்டால் மட்டும் ஏழு மணி. அவனுக்கு எதிரில் போய் உட்கார்ந்து பார்த்தேன். ட்ரிக்கரில் அழுத்தம் ஏறும்போதெல்லாம் இடது கை சக்கரத்தின் வளையத்தை இறுக்கிப் பிடித்தது. விரல் முட்டி வெளுத்துவிட்டது.

"தம்பி, இடது கைய என்ன பண்ற?"

"ஒண்ணும் பண்ணலீங்கண்ணா."

நாள் முழுக்க அந்தக் கைதான் வண்டியை ஓட்டுகிறது, சும்மா இருக்க அதற்குத் தெரியாது. மடியில் உள்ளங்கை மேலே பார்க்க வைத்து, அதில் ஒரு பெல்லட்டை வைத்தேன். பெல்லட் மூடிய கைக்குள் போனால் அந்தக் குண்டு செல்லாது, பிஸ்டலை இறக்கிவிட வேண்டும். பத்து நாளில் சரியானான்.

விரலும் சரி, இடது கையும் சரி என்றால் கிரிப், பிஸ்டலின் பிடிக் கட்டை. உள்ளங்கைக்கும் கட்டைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். இடைவெளி இருந்தால் எம்-சீல் கொஞ்சம் ஒட்டி, கையால் அழுத்தி வடிவம் எடுங்கள். ஒட்டியதைப் பெயர்த்துவிடலாம், அரத்தால் ராவியது திரும்பாது. அதனால் முதலில் ஏற்றுங்கள், ராவுவது பிறகு.

நினைக்கும் முன்பே வெடிக்கிறது என்றால் ட்ரிக்கர் எடை. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் 500 கிராமுக்குக் குறையக் கூடாது. மளிகைக் கடை அரைக் கிலோ எடைக்கல்லைக் கயிற்றில் கட்டி ட்ரிக்கரில் மாட்டி, குழலை நேர் மேலே நிறுத்தித் தூக்குங்கள். பெல்லட் இல்லாமல்தான். கல் தரையை விட்டு எழும்புவதற்குள் ட்ரிக்கர் விழுந்தால் எடை போதாது. கையேட்டில் காட்டிய ஒரே ஒரு திருகைத் தவிர மற்றதைத் தொடாதீர்கள். அதில் சரியாகவில்லையா, ஆர்மரரிடம் (துப்பாக்கி ரிப்பேர்காரரிடம்). நானே மெக்கானிக்தான், நானும் தொடுவதில்லை.

மேலும் கீழுமாகச் சிதறல்

சிதறல் அறுபதிலும் இருக்கிறதா, கடைசி இருபதில் மட்டுமா?

அறுபதிலும் என்றால் மூச்சு. உட்கார்ந்தால் வயிறு மடங்கி மூச்சு நெஞ்சுக்கு ஏறுகிறது, நெஞ்சு தோளைத் தூக்குகிறது. பெல்ட்டை ஒரு துளை தளர்த்துங்கள். பாதி மூச்சை விட்டு நிறுத்தி, எட்டு விநாடிக்குள் வெடிக்கவில்லை என்றால் இறக்கிவிடுங்கள். இறக்குவதற்கு யாரும் பாயின்ட் குறைக்கப் போவதில்லை.

கடைசி இருபதில் மட்டும், அதுவும் கீழே மட்டும் என்றால் முதலில் பிஸ்டலின் காற்றுச் சிலிண்டரில் இருக்கும் கேஜைப் பாருங்கள். முள் தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இருந்தால் காற்று நிரப்புங்கள், அவ்வளவுதான். கேஜ் சரி என்றால் தோள் களைத்துவிட்டது. அதற்கு ஸ்பேர் பார்ட் கிடையாது.

கை நடுங்குகிறது

"அண்ணா, கை ஆடுது" என்று யாராவது சொன்னால் நான் காலைத்தான் பார்ப்பேன். ஃபுட்ரெஸ்ட் தாழ்வாக இருந்து பாதம் தொங்கினால் தொடை இழுக்கும், தொடை இடுப்பை இழுக்கும், அது கையில் வந்து நிற்கும். தொடை முழுவதும் குஷனில் படிய, பாதம் தட்டையாக ஊன்ற வேண்டும். ஃபுட்ரெஸ்ட்டை ஏற்ற ஒரு ஸ்பேனர் போதும்.

பிறகு வயிறு. சாப்பிடாமல் இரண்டு டீயோடு வருகிறவர்கள் நடுங்கத்தான் செய்வார்கள்.

காலே தானாகத் துள்ளுகிறது, தண்டுவடத்தில் அடிபட்டவர் என்றால் அது இசிவு. துள்ளல் சமீபத்தில் அதிகமாகியிருந்தால் சிறுநீர்த் தொற்றோ, புண்ணோ உள்ளே இருக்கலாம். கயிற்றால் காலைக் கட்டி வைத்துச் சுடாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

ஃப்ரன்ட் சைட் மங்கல்

டார்கெட் தெளிவாக, சைட் மங்கலாகத் தெரிந்தால் பார்வையை டார்கெட்டிலிருந்து சைட்டுக்கு இழுங்கள். சைட் கத்தி மாதிரி, டார்கெட் புகை மாதிரி, அதுதான் சரி. எவ்வளவு முயன்றும் வரவில்லை, வயது நாற்பதைத் தாண்டிவிட்டது என்றால் கண்ணாடிக் கடைக்குப் போகும்போது கண்ணிலிருந்து ஃப்ரன்ட் சைட் வரை உள்ள தூரத்தை நூலால் அளந்து எடுத்துப் போங்கள். படிக்கும் கண்ணாடி இதற்கு ஆகாது, தூரம் வேறு.

கீழிருந்து கை எழும்பும்போது டார்கெட்டைத் தாண்டிப் போகிறது

இது 25 மீட்டர் பிஸ்டலுக்குத் தயாராகிறவர்களுக்கு. வேகச் சுற்றில் டார்கெட் 3 விநாடி காட்டி 7 விநாடி மறையும். மறைந்திருக்கும் நேரத்தில் கையை 45 டிகிரிக்குக் கீழே தாழ்த்திக் காத்திருக்க வேண்டும். பிராக்டிகல் பிஸ்டலின் உட்கார்ந்த தொடக்கத்துக்கு நம் பக்கம் பக்கத்துச் சொந்தம் இதுதான்.

கை தாண்டுவதற்கு எளிய காரணம், தாழ்த்தும்போது மணிக்கட்டும் சேர்ந்து மடங்குவது. தோள் மட்டும் கீல் மாதிரி திரும்பட்டும். அடுத்த காரணம் நாற்காலியின் வலது பக்கக் கைப்பிடி. முழங்கை அதில் இடிக்கும் என்று பயந்து கையை வெளிப்பக்கமாக வளைத்து ஏற்றுகிறோம், வளைவு வந்தால் துளை வலது பக்கம் போகும். கைப்பிடியைக் கழற்றிவிடுங்கள், பெரும்பாலான நாற்காலிகளில் ஒரு பின்தான். தொடை இடித்தால் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்புங்கள். குழல் தொடையைப் பார்த்து நிற்கும் நிலை எந்தக் காரணத்துக்காகவும் வரக் கூடாது, விரல் ட்ரிக்கருக்கு வெளியே. வெறும் ஏர் பிஸ்டலை வைத்து, செல்போனில் 3 விநாடி டைமர் போட்டு வீட்டிலேயே பழகலாம்.

வலி, சிவப்பு, தலைவலி

இங்கே சோதனை குறைவு, நிறுத்துவது அதிகம்.

தோள்: கையைத் தூக்கும்போது பாதி வழியில் சுளீர் என்றால் அன்றைக்குச் சுடுவது முடிந்தது. சக்கரம் உருட்டுவதும் இதே தோள், கட்டிலுக்கு மாறுவதும் இதே தோள். ஒரு வாரத்தில் குறையவில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட்.

உட்காரும் இடம்: உணர்ச்சி இல்லாதவர்கள் கால் மணிக்கு ஒருமுறை உடம்பைத் தூக்கியோ முன்னால் சாய்ந்தோ அழுத்தத்தை மாற்றுங்கள், சீரிஸ் நடுவில் ஆனாலும் சரி. ராத்திரி கண்ணாடி வைத்துப் பாருங்கள். நம் தோல் நிறத்தில் சிவப்பு தெரியாமல் போகலாம். கூடுதல் கருமை, சூடு, கெட்டித்தனம் என்று கையால் தடவியே கண்டுபிடிக்க வேண்டும். மாறவில்லை என்றால் அதன்மேல் உட்காராதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

கழுத்திலோ மேல் முதுகிலோ தண்டுவடம் அடிபட்டவருக்குச் சுடும்போது திடீரென்று மண்டை இடித்து, முகம் வியர்த்தால் அது பதற்றமல்ல, ரத்த அழுத்தம் எகிறுகிறது. நிமிர்ந்து உட்காரவைத்து, பட்டை பெல்ட்டெல்லாம் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். உடனே அடங்கவில்லை என்றால் 108.

சிலிண்டரில் 'ஸ்ஸ்'

மாட்டும்போது ஒரு நொடி சத்தம் வந்து நின்றால் கவலை வேண்டாம். நிற்கவில்லை என்றால் கழற்றி மறுபடி கையால் மட்டும் இறுக்கிப் பாருங்கள்.

சத்தமில்லை, ஆனால் காலையில் முள் இறங்கியிருக்கிறது என்றால்: சிலிண்டரைத் தனியே கழற்றி, கேஜைப் போட்டோ எடுத்து ராத்திரி முழுக்க வையுங்கள். தனியே இருந்தும் இறங்கினால் கோளாறு சிலிண்டரில். மாட்டியிருந்தால் மட்டும் இறங்கினால் பிஸ்டலில். நிரப்பிய சூடு ஆறும்போது முள் லேசாக இறங்குவது கசிவில் சேராது.

என் கை முதலில் போனது டபிள்யூ.டி.-40 டப்பாவுக்கு. கடையில் எதற்கும் அதுதானே. நல்ல வேளை, சீனியர் ஒருவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். உயர் அழுத்தக் காற்றோடு பெட்ரோலிய எண்ணெய் சேர்ந்தால் தீப்பிடித்து வெடிக்கலாம். ஸ்கூட்டர் டயரில் நாம் அடிப்பது 2 பார் சொச்சம், இதில் 200. கிரீஸ், எண்ணெய், ஸ்பிரே எதுவும் கிட்டே வரக் கூடாது. நிரப்பும் அடாப்டரின் ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை), தயாரிப்பாளர் கொடுத்த ரகத்திலேயே வாங்கி நீங்களே மாற்றலாம். வால்வையும் கேஜையும் கழற்றாதீர்கள். சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள், பொதுவாக 10 ஆண்டுதான் ஆயுள். அது முடிந்திருந்தால் கசிவு இல்லாவிட்டாலும் நிரப்பாதீர்கள். மற்றதெல்லாம் ஆர்மரர் வேலை. பெங்களூருக்கோ சென்னைக்கோ அனுப்பும்போது, எந்த நேரத்தில் முள் எங்கே இருந்தது என்று அந்த போட்டோக்களையும் சேர்த்து அனுப்புங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.